கன்றுக்கும் குழந்தைக்கும் ஒரே கழிச்சலா? தடம் பிடிக்க யார் இருக்கிறார்கள்?

பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தயாரிக்கவும் சேமிக்கவும் விற்கவும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடை விதித்தது. சால்மோனெல்லா, இ.கோலை, லிஸ்டீரியா எனக் கிருமிகளின் பெயரைச் சொல்லியே அந்த அறிவிக்கை வந்தது. அதற்கு முன், 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தார். 40-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். கடைகளில் சோதனை நடந்தது, கைதுகள் நடந்தன, சில நாட்கள் ஷவர்மா விற்பனை நிறுத்தப்பட்டது. இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் இத்தகைய சம்பவங்களில் நம் பேச்சு பெரும்பாலும் கடை வாசலோடு நின்றுவிடுகிறது.

சால்மோனெல்லா கடையில் பிறப்பதில்லை. அதன் வீடு கோழி, மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றின் குடல். எச்சம், சாணம், புழுக்கை வழியாக மண்ணுக்கும் தண்ணீருக்கும் வந்து, பால், முட்டை, இறைச்சி, பச்சைக் காய்கறி எனப் பல வழிகளில் மனிதர் வாய்க்குப் போகிறது. கடையைப் பூட்டினால் அந்த வழிகளில் ஒன்றுதான் அடைபடும்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இந்த விஷயத்தை வேறு இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். இங்கே மானாவாரி மக்காச்சோளமும் பருத்தியும் போட்ட குடும்பத்துக்கு மாதாமாதம் கைக்காசு தருவது பால் மாடும் ஆடும்தான். கொட்டகைக்கும் அடுப்படிக்கும் பத்தடி தூரம்தான் இருக்கும். கன்றுக்குப் பாலூட்டிய கையே குழந்தைக்கும் சோறு ஊட்டுகிறது. ஒரு தெருவில் ஒரே வாரத்தில் இரண்டு கன்றுகள் கழிந்து, மூன்று குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால், இரண்டும் ஒரே கிருமியா என்று பார்க்கும் வேலை யாருடையது?

இன்றைய நிலையில் யாருடையதும் இல்லை. அதுதான் சிக்கல்.

எது பகிரப்படும், எது படாது

எல்லாக் கழிச்சலையும் ஒரே கூடையில் போடக் கூடாது. டைபாய்டும் சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லாவும் மனிதரிடமிருந்து மனிதருக்கு வருபவை. மாட்டின் மேல் பழி போட முடியாது. காலராவும் அப்படித்தான், அதற்கு அசுத்தமான தண்ணீர்தான் வழி. மறுபக்கம், கோழி வளர்ப்போர் அதிகம் பயப்படும் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட், வைரஸ் நோய். அது நம் வயிற்றுப்போக்குக்குக் காரணமில்லை.

இரு பக்கமும் போய்வரும் பாக்டீரியாக்களில் முக்கியமானவை மூன்று. டைபாய்டு அல்லாத சால்மோனெல்லா வகைகள், கேம்பைலோபேக்டர், நச்சு உண்டாக்கும் சில இ.கோலை வகைகள். இவற்றில் சால்மோனெல்லா கன்றுக்கும் கழிச்சலைக் கொடுக்கும், செம்மறிக்குக் கருச்சிதைவும் உண்டாக்கும். ஆனால் கேம்பைலோபேக்டரைச் சுமக்கும் கோழி நன்றாக இரை எடுத்துக்கொண்டு திரியும். இ.கோலை ஓ157 என்ற கொடிய வகையைச் சுமக்கும் மாடு பாலைக் குறைக்காமல் கறக்கும். “மாடு நல்லாத்தானே இருக்கு” என்பது இங்கே சான்று ஆகாது.

குழந்தைகளுக்கு இது இரண்டு நாள் கழிச்சலோடு போவதில்லை. எட்டு நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் வேலூரும் ஓர் இடம். கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் பிறந்தது முதல் இரண்டு வயது வரை குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். அந்த எட்டு இடங்களிலும் சேர்த்து, நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் மலத்தில் ஒரு வயதுக்குள் ஒரு முறையாவது கேம்பைலோபேக்டர் தென்பட்டது. பல குழந்தைகளுக்குக் கழிச்சலே இல்லை. ஆனாலும் அடிக்கடி இந்தக் கிருமி இருந்த குழந்தைகள் இரண்டு வயதில் உயரம் குறைந்திருந்தார்கள். குழந்தை ஏன் தேறவில்லை என்று சத்துமாவை மட்டும் கூட்டிக்கொண்டிருக்கும் வீடுகளில், முற்றத்துக் கோழி எங்கே எச்சமிடுகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. வேலூரில் குழந்தைகளிடமும் அதே பகுதிக் கால்நடைகளிடமும் இந்தக் கிருமியைத் தேடிய ஆய்வும் நடந்து, 2012-ல் வெளியானது. நம்மிடம் அறிவு இல்லை என்று சொல்ல முடியாது. அது ஆய்வாகவே நிற்கிறது, அன்றாட வேலையாக மாறவில்லை.

கசௌலி ஒரு பக்கம், இஸத்நகர் ஒரு பக்கம்

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் தாய் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார். அங்கே பதிவாகும் எண்ணிக்கை, 2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மாவட்டத் தலைநகருக்குப் போகிறது. கன்றுக்குக் கழிச்சல் என்றால் தந்தை கால்நடை மருந்தகத்துக்குப் போகிறார். அது வேறு பதிவேடு, வேறு இயக்குநரகம். ஒரே வீட்டில் இருந்து ஒரே நாளில் கிளம்பிய இரு செய்திகள் எங்கேயும் சந்திப்பதில்லை.

இது கிராமத்தோடு நிற்கவில்லை. சால்மோனெல்லாவில் எந்த வகை என்று பிரித்துச் சொல்ல நாட்டில் மருத்துவத் துறைப் பக்கம் இருக்கும் மையம் இமாச்சலப் பிரதேசத்தின் கசௌலியில், மத்திய ஆராய்ச்சி நிறுவனத்தில் உள்ளது. கால்நடைத் துறைக்கான மையம் உத்தரப் பிரதேசத்தின் இஸத்நகரில், இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் உள்ளது. இரண்டும் மதிப்புள்ள நிறுவனங்கள். வேப்பந்தட்டையில் ஒரு குழந்தையின் மாதிரியும் அந்த வீட்டுக் கன்றின் மாதிரியும் தப்பித்தவறி ஆய்வுக்குக் கிளம்பினால், இப்படி இரு வேறு ஊர்களை நோக்கித்தான் போகும். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தானே தடம் தெரியும்?

தடம் பிடிப்பதன் சூட்சுமம் அந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது. உங்கள் மாட்டின் காதில் 12 இலக்க வில்லை போட்டிருக்கிறார்கள். சந்தையில் ஆயிரம் மாட்டுக்கு நடுவே நின்றாலும் எண்ணைப் படித்தால் அது யாருடையது என்று தெரியும். பாக்டீரியாவின் மரபணுவும் அப்படியொரு வில்லை. இரண்டு பேரிடமும் சால்மோனெல்லா இருக்கிறது என்று மட்டும் சொன்னால், இரண்டு வீட்டிலும் கறவை மாடு இருக்கிறது என்று சொல்வது போலத்தான். மரபணு வரிசை முழுவதையும் படித்து, இரண்டும் நெருங்கி ஒத்துப்போனால் மட்டுமே ஒரே மூலத்தில் இருந்து வந்தது என்று சொல்ல முடியும். ஒத்துப்போகாவிட்டால், “இந்தப் பண்ணைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பைக் காட்ட முடியவில்லை” என்று எழுதிக் கொடுக்க முடியும். விவசாயிக்கு இந்த இரண்டாவது வாக்கியம் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை நம்மில் பலர் உணரவில்லை.

பழி யார் மேல் விழுகிறது

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்று ஒரு சிற்றூர். சுமார் 5,000 பேர். 2000 மே மாதம் அங்கே பலத்த மழை பெய்தது. ஊருக்குக் குடிநீர் தந்த கிணறுகளில் ஐந்தாம் எண் கிணறு ஆழம் குறைந்தது, அருகே மாட்டுப் பண்ணை. நிலத்தில் இட்டிருந்த சாண எருவில் இருந்த கிருமிகள் மழைநீரோடு கிணற்றில் இறங்கின. 2,300 பேர் அளவில் நோயுற்றார்கள், 7 பேர் இறந்தார்கள். இ.கோலை ஓ157, கேம்பைலோபேக்டர் இரண்டும் காரணம். அந்தப் பண்ணை மாடுகளின் சாணத்தில் கிடைத்த கிருமியும் நோயாளிகளிடம் கிடைத்த கிருமியும் ஒரே வகை என்பது ஆய்வில் தெரிந்தது.

நம் ஊராக இருந்தால் அன்றைக்கே பண்ணைக்காரர் குற்றவாளி ஆகியிருப்பார். அங்கே நீதிபதி டென்னிஸ் ஓகானர் தலைமையில் விசாரணை நடந்தது. பண்ணை உரிமையாளர் எருவை முறைப்படிதான் கையாண்டார், அவரைக் குறை சொல்ல முடியாது என்று அறிக்கை தெளிவாகச் சொன்னது. தண்ணீரில் குளோரின் அளவைத் தினமும் சோதிக்காமலேயே பதிவேட்டில் பொய்யாக எழுதிவந்த குடிநீர்ப் பணியாளர்களும், அவர்களைக் கண்காணிக்கத் தவறிய மாகாண அரசும்தான் பொறுப்பு என்று அறிக்கை முடித்தது. தடம் பண்ணை வரை சரியாகப் போனதால்தான் பழி பண்ணையில் நிற்கவில்லை. பாதியில் நின்றிருந்தால் கதை வேறு.

இரண்டாவது உதாரணம் நமக்கு இன்னும் நெருக்கம், ஏனென்றால் அது வெங்காயம். 2020 கோடையில் அமெரிக்காவில் 1,127 பேருக்கும் கனடாவில் 515 பேருக்கும் சால்மோனெல்லா நியூபோர்ட் என்ற வகையால் வயிற்று நோய் வந்தது. நோயாளிகள் 48 மாநிலங்களில் சிதறிக் கிடந்தார்கள். ஒவ்வொரு ஊர் மருத்துவருக்கும் அது சாதாரண வயிற்றுப்போக்குதான். மரபணு வரிசையை ஒரே தரவுத் தொகுப்பில் சேர்த்தபோதுதான் எல்லாம் ஒரே கிருமி என்று தெரிந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்துப் போனால், கலிஃபோர்னியாவில் விளைந்த சிவப்பு வெங்காயத்தில் வந்து நின்றது. அந்த நிறுவனம் சிவப்பு மட்டுமல்ல, தான் விற்ற மற்ற நிற வெங்காயங்களையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

வயலுக்குப் போன அதிகாரிகள் என்ன பார்த்தார்கள்? பக்கத்து நிலத்தில் செம்மறிகள் மேய்ந்த தடயம், பறவைக் கூட்டம், விலங்குகளின் எச்சம். பாசன நீர் கெட்டிருக்கலாம் என்பதே அவர்களின் முதன்மை அனுமானம். நீரிலும் வண்டலிலும் சால்மோனெல்லா நியூபோர்ட் கிடைக்கவும் செய்தது. ஆனால் மரபணு வரிசை நோயாளிகளின் கிருமியோடு ஒத்துப்போகவில்லை. ஆகவே அனுமானம் அனுமானமாகவே அறிக்கையில் நின்றது. நோய் ஓய்ந்து பல வாரம் கழித்து வயலுக்குப் போனால் இப்படித்தான் ஆகும். அமெரிக்காவிலேயே இந்த நிலை என்றால் நம்மால் முடியுமா என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அது வேறு மாதிரி படுகிறது. நாடு முழுக்கச் சிதறிய நோயாளிகளில் இருந்து ஒரு வயலைத் தேடுவது கடினம். ஒரு தெருவில் நடப்பதை அதே தெருவில் தேடுவது அதைவிட எளிது, சீக்கிரம் போனால்.

சின்ன வெங்காயமும் கிடையும்

செட்டிகுளம், பாடாலூர் பக்கம் சின்ன வெங்காயம் எப்படிப்பட்ட பிழைப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அது சமைக்காமலும் தின்னப்படும் பொருள். பழைய சோற்றுக்குக் கடித்துக்கொள்ள அதைவிட என்ன இருக்கிறது? அறுவடைக்குப் பின் காய்ந்த மேல்தோல் ஓரளவு காப்பு. காயவைத்துப் பட்டறை போடுவதும் ஈரத்தைக் குறைத்து உதவுகிறது. ஆனால் பட்டறைக்கு மேல் கோழி ஏறி உட்கார்ந்தால், தோல் உரித்த கையிலேயே தின்றால், அந்தக் காப்பு குறைகிறது.

உழவியல் படித்த எனக்கு அதிகம் உறுத்துவது எருவின் கால அளவு. பச்சை எருவை மண்ணில் இட்டால், மண்ணைத் தொட்டு விளையும் பொருளை 120 நாட்களுக்கு முன் அறுவடை செய்யக் கூடாது என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. மண்ணைத் தொடாத பொருளுக்கு 90 நாட்கள். நம் சின்ன வெங்காயம் 65 முதல் 70 நாட்களில் வயலை விட்டு வெளியேறுகிறது. கடைசி உழவில் மக்காத சாணத்தையோ கோழி எச்சத்தையோ கொட்டினால் அந்த 120 நாளில் பாதியைச் சற்றே தாண்டும்போது கையில் வெங்காயம் இருக்கும். சால்மோனெல்லா கலந்த எருவிட்ட மண்ணில் அக்கிருமி ஐந்து மாதங்களுக்கு மேலும் பிழைத்திருந்தது அமெரிக்காவில் வயல் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. நம் வெயில் அதைச் சீக்கிரம் கொல்லும் என்பது உண்மையே. ஆனால் ஐப்பசி, கார்த்திகை நடவில் வெயிலை நம்ப முடியாது.

இதற்காகக் கிடையைக் குறை சொல்பவன் நான் அல்ல. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவதைப் போல மலிவான, சீரான எருவிடும் முறை வேறில்லை. அதன் இடத்தை மாற்றினால் போதும். கிடையை மக்காச்சோளத்துக்கு முன் போடுங்கள். சோளம் அறுத்த பின் வெங்காயம் வரும்போது நூறு நாளுக்கு மேல் கடந்திருக்கும். வெங்காயத்துக்கு நேரடியாக எரு வேண்டுமென்றால் நன்கு மக்கிய தொழுஉரம் மட்டும். வீட்டுக் குப்பைக்குழியில் இருப்பதெல்லாம் மக்கிய உரம் அல்ல. தினமும் மேலே புதுச் சாணம் விழும் குழியின் மேல்பகுதி என்றைக்கும் பச்சைதான். இரண்டு குழி வையுங்கள், ஒன்றை மூடி விடுங்கள். குவியலின் உள்சூடு 55 டிகிரி செல்சியஸைத் தொட்டு 15 நாட்கள் நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து முறை புரட்ட வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றும் அளவு. வெப்பமானி இல்லாவிட்டால் இரும்புக் கம்பியைச் செருகி எடுத்துப் பாருங்கள், கையில் பிடித்துக்கொண்டிருக்க முடியாத சூடு வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், நண்பர்கள் சிலர் கோபித்துக்கொண்டாலும். ஜீவாமிர்தம் புதுச் சாணத்தில் செய்வது. அதைப் பாசன நீரோடு வேருக்கு விடுவது வேறு. நாளை மறுநாள் அறுக்கப்போகும் மல்லித்தழை மேல், கீரை மேல் தெளிப்பது வேறு. பச்சையாகத் தின்னும் இலைக்கு அறுவடை நெருக்கத்தில் அதைத் தெளிக்காதீர்கள்.

கிடைக்கு நான் பரிந்து பேச இன்னொரு காரணமும் உண்டு. ஊரில் நோய் வந்தால் முதல் சந்தேகம் வெளியூரில் இருந்து மந்தையோடு வந்த கீதாரி மேல்தான் விழும். அவருக்காகப் பேச ஊரில் ஆள் இருக்காது, மறுவாரம் அவர் வேறு ஊரில் இருப்பார். உண்மையில் கிருமி உள்ளூர்க் கொட்டகையில் இருந்து மழைநீரோடு கிணற்றில் இறங்கியிருக்கலாம். தடம் பிடிக்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில் பலவீனமானவர் மேல் பழி நிற்கும், கிருமி அங்கேயே இருக்கும், அடுத்த மழைக்குத் திரும்ப வரும்.

இங்கே என்ன செய்யலாம்

மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றின் நலத்தையும் சேர்த்துப் பார்க்கும் தேசிய நிறுவனத்துக்கு 2022 டிசம்பரில் நாக்பூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. வரட்டும். ஆனால் ஆலத்தூர் ஒன்றியத்துக் கன்றுக்காக நாக்பூர் காத்திருக்க வேண்டியதில்லை. தேவையான ஆட்கள் இரு மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. பெரம்பலூரில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. சென்னை மாதவரத்தில் விலங்குவழி நோய்களுக்கென்றே ஆய்வகம் உள்ளது.

முதல் வேலைக்குப் பணம்கூட வேண்டாம். வாரம் ஒரு நாள், ஒன்றிய அளவில், கிராம சுகாதாரச் செவிலியரின் வயிற்றுப்போக்குப் பதிவையும் கால்நடை ஆய்வாளரின் கழிச்சல் பதிவையும் ஊர்ப் பெயர் வரிசையில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஊர் இரண்டிலும் வந்தால் இருவரும் சேர்ந்து அங்கே போக வேண்டும். கூடவே உதவி வேளாண்மை அலுவலரும் போகட்டும். எரு எங்கே கிடக்கிறது, கிணற்றுக்குச் சுவர் இருக்கிறதா, வயலில் என்ன நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர் அவர்தான். மாவட்ட ஆட்சியரின் ஒரு சுற்றறிக்கையில் தொடங்கக்கூடிய வேலை இது. இப்படிச் சேகரித்த மனித, விலங்கு மாதிரிகளை ஒரே ஆய்வகத்துக்கு அனுப்ப வழி செய்வது அடுத்த படி. அதற்குத்தான் மாநில அரசின் முடிவும் நிதியும் வேண்டும். இதைச் செய்யும்போது, நோயைத் தெரிவித்த விவசாயியின் பெயர் வெளியே போகாது, பாலை வாங்கும் சங்கம் அதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பாது என்ற உறுதி எழுத்தில் இருக்க வேண்டும். அது இல்லாமல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், திறக்கச் சொல்வதும் நியாயமில்லை.

விவசாயி கையில் இருப்பது நினைவும் மாதிரியும். எரு யாரிடம் வாங்கியது, எந்த வயலில் என்றைக்கு இட்டது, கிடை எத்தனை இரவு நின்றது, புது மாடு எந்தச் சந்தையில் வாங்கியது, அதன் காது வில்லை எண் என்ன, கழிந்த கன்றுக்கு யார் என்ன மருந்து கொடுத்தது என்று நாட்காட்டியின் பின்பக்கத்தில் குறித்திருந்தாலே போதும்.

கன்று கழிந்தால் மருந்துப் பெட்டியில் மிச்சம் கிடக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையை முதலில் கரைத்து ஊற்றாதீர்கள். அது கிருமியை அரைகுறையாக அடக்கிவிட்டு, ஆய்வகத்தில் வளரவும் விடாது. எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமியை நாமே வளர்த்த கதையும் ஆகும். கோலிஸ்டின் என்ற மருந்தை 2019 ஜூலையில் கோழி, கால்நடை, மீன் வளர்ப்பு, தீவனம் அனைத்துக்கும் மத்திய அரசு தடை செய்ததும் இந்தக் காரணத்தால்தான். மருந்து கொடுக்கும் முன், மூடி உள்ள சுத்தமான பிளாஸ்டிக் டப்பாவில் புதுச் சாணம் ஒரு கரண்டி அளவு எடுத்து, ஐஸ் கட்டிக்கு நடுவே வைத்து, அன்றே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். கன்று எழுந்து நிற்கவில்லை என்றால் 1962-ஐ அழையுங்கள், ஊர்தி வரும். வீட்டில் குழந்தைக்கும் வயிற்றுப்போக்கு இருந்தால், அதைக் கால்நடை மருத்துவரிடமும் சொல்லுங்கள். கன்று கழிந்ததைக் குழந்தையின் மருத்துவரிடமும் சொல்லுங்கள். அவர் கேட்க மாட்டார், நீங்களாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.